மேல் குட்டை, கீழ்த் தொட்டி

பிப்ரவரி 10, வெள்ளி

இன்று புதுத் தொட்டித் திறப்புக்கு வந்திருந்தவர்கள்: ரேஞ்சர் தனபால் ஐயா, அவருடைய ஜீப் டிரைவர், தொட்டி கட்டிய மேஸ்திரி, சித்தாள் இருவர், என் வீட்டுக்காரர் வனக்காப்பாளர் சென்னியப்பன், வேட்டைத் தடுப்புக் காவலர் மாதேஷ், மாதேஷின் பெண்டாட்டி செவந்தி, நான். மொத்தம் ஒன்பது பேர். தேங்காய் இரண்டு. வாழைப்பழம் ஒரு சீப்பு. சுண்டல் ஒன்றரைப் படி, நான் செய்தது. மீதி இல்லை. செவந்தி இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள்.

இந்தக் காவல் குடியிருப்பில் வீடுகளே இரண்டுதான். மேட்டில் எங்களுடையது, சரிவில் அவர்களுடையது. என் வீட்டுக்குப் பின்னால் கல் கட்டிய குட்டை இருக்கிறது. முப்பதடி நீளம், இடுப்பளவு ஆழம். கோடையில் காட்டு உயிர்கள் குடிக்க இந்தப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. சோலார் மோட்டார் சுவிட்ச் என் சமையல்கட்டில் இருக்கிறது. பதினோரு வருடமாகக் குட்டையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையும் மாலையும் எது எத்தனை வந்து குடித்தது என்று இந்த நோட்டில் எழுதுவேன். மாதக் கடைசியில் நான் எண்களை மட்டும் வாசிக்க, அவர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் ஏற்றுவார். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது அந்த ரிஜிஸ்தரைப் பார்த்துத்தான்.

புதுத் தொட்டி செவந்தி வீட்டு வாசலில். என் குட்டை நிறைந்தால் வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக அங்கே போகும். அதாவது என் மிச்சம்.

தேங்காய் உடைத்ததும் ரேஞ்சர் ஐயா, "பொம்பளைங்க யாராச்சும் தண்ணியத் திறந்து விடுங்கம்மா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டடி வைத்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "நீ வாம்மா, உன் வாசல்லதான இருக்குது" என்று செவந்தியைக் கூப்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். திருகு இறுக்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர், "அப்படித்தான் அம்மிணி, இன்னுங் கொஞ்சம் திருகு" என்றார்.

கல்யாணமான புதிதில் என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். இப்போது "இந்தா". சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

குட்டை: புள்ளிமான் 27, மந்தி 9, காட்டெருமை 2, மயில் 4. வடிவும் வந்தாள்.
தொட்டி: மைனா 3.

வடிவு என்பது வலது காது கிழிந்த பெண்மான். நாலு வருடமாக வருகிறாள். நான் கரையில் நிற்கும்போதே தலையைக் குனிந்து குடிப்பது அவள் ஒருத்திதான். இப்போது சினையாக இருக்கிறாள்.

பிப்ரவரி 18, சனி

சிவராத்திரியும் சனிப் பிரதோஷமும் சேர்ந்து வந்தது. கரையில் அத்திமரத்தடியில் நான் வைத்திருக்கும் லிங்கத்துக்கு வழக்கம்போல் தண்ணீர் அபிஷேகம், வில்வம் 108. செவந்தியையும் கூப்பிட்டேன். "தொட்டி தேய்ச்சுட்டு வர்றேனுங்க்கா" என்றாள். சாமிக்குப் பிறகு தொட்டி என்று இல்லை அவளுக்கு. தீபாராதனை முடிந்த பிறகு ஈரப் பாவாடையோடு வந்து நின்றாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

குட்டை: மான் 15, மந்தி 5.
தொட்டி: மான் 12, மந்தி 8, மயில் 3.

மூன்று நாளைக்கு ஒருதரம் தொட்டியை வடித்துத் தேங்காய் நாரால் தேய்க்கிறாள். அது சின்னத் தொட்டி. தேய்க்க எவ்வளவு நேரமாகும். இந்தக் குட்டையை முழுக்க வடித்துத் தேய்த்துப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும். நான் முன்பெல்லாம் மாசி பிறந்ததும் வடித்துத் தேய்ப்பது வழக்கம். இந்த வருடம் முட்டிவலி.

மார்ச் 1, புதன்

குட்டை 6. தொட்டி 31. வடிவு கீழேதான் குடித்தாள்.

மார்ச் 2, வியாழன்

வடிவு செவந்தி கையிலிருந்து கல்லுப்பை நக்கினாளாம். மாதேஷ் வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடத்தில் என் கையை முகர்ந்ததுகூட இல்லை.

மார்ச் 4, சனி

சனிப் பிரதோஷம். வேண்டுதல் வைத்துவிட்டேன். உயிர்கள் எல்லாம் பழையபடி மேலே வரவேண்டும். அதற்காக இனி ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் வெறும் தண்ணீர் அபிஷேகம் இல்லை. பால், தயிர், வெல்லம், பச்சரிசி மாவு.

பால் 3 லிட்டர். தயிர் 1. வெல்லம் 4 அச்சு. மாவு 1 படி.

அபிஷேகம் வழிந்து குட்டையில் கலக்கும்படி மண்ணைக் கீறி ஒரு வாய்க்கால் விட்டேன். சாமிக்கு ஊற்றியதைக் குடித்தால் அந்த வாயில்லா ஜீவன்களுக்கும் புண்ணியம்தானே. அரிசி கழுவிய தண்ணீரும் இனி தினமும் குட்டைக்குத்தான். அதில் சத்து இருக்கிறது.

மார்ச் 9, வியாழன்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ரேஞ்சரய்யா கேட்டாரு. இனிமே தொட்டிக் கணக்கும் தனியா வேணுமாம்."

"எழுதிட்டாப் போச்சு. கரைல நின்னா ரெண்டும் தெரியுது."

"செவந்தியே எழுதட்டும்னாரு."

"அவளுக்கு எழுதத் தெரியுமா?"

"கல்லு வெக்கிறா. மானுக்குக் கறுப்புக் கல்லு, மந்திக்கு வெள்ளக் கல்லு. சாயந்தரமா மாதேசு எண்ணி எழுதிக்கறான். நல்ல யோசனைதான. அந்தப் புள்ள சூட்டிகை."

இரண்டாவது தரம் ரசம் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 12, ஞாயிறு

வழிவுக் குழாயில் அத்தி இலை அடைத்துத் தண்ணீர் சன்னமாகப் போனது. எடுக்கவில்லை. தானாக வந்தது தானாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

இலை தானாகவே போய்விட்டது. தண்ணீர் பழையபடி கீழே பாய்கிறது.

மார்ச் 14, செவ்வாய்

குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டும் போகவில்லை. இறைவன் செயல்.

பீரோ ஒழித்தேன். பழைய புடவை 2, துடைக்க. கிழிந்த பச்சைப் பாவாடை 1, கழித்தாயிற்று.

மார்ச் 16, வியாழன்

தொட்டி காய்ந்துவிட்டது. குட்டை தளும்ப நிற்பதால் மோட்டார் போடவேண்டிய அவசியமே இல்லை. வெயிலுக்குக் குறைவதை ஈடுகட்டக் கால் மணி நேரம் போதும்.

செவந்தி அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள். பதினெட்டு குடம் எண்ணினேன். தொட்டியில் கணுக்காலுக்குக்கூட நிற்கவில்லை. பிறகு மேலே வந்தாள்.

"ஏனுங்க்கா, குழாய்ல தண்ணியே வர்றதில்லீங்களே."

"கோடையாச்சே. ஊத்துக் குறையுது."

"உங்க குட்ட ததும்புதுங்களே."

"ததும்பறது உன் கண்ணுக்கு அப்படித் தெரியுது."

இறங்கிப் போகிற வழியில் வாய்க்காலில் கிடந்த வெல்லத்தை எறும்பு மொய்ப்பதைக் குனிந்து பார்த்தாள்.

குட்டை: மான் 33, மந்தி 12, காட்டெருமை 3. வடிவும்.

மார்ச் 19, ஞாயிறு

பிரதோஷம். பால் 5 லிட்டர். தயிர் 2. வெல்லம் 8 அச்சு. மாவு 2 படி. பால்காரர் சண்முகம், "ஏனுங்க, ஊட்டுல விசேசமுங்களா?" என்று கேட்டார். விசேஷம்தான் என்றேன். கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டார்.

மான் 41. நான் கணக்கு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அதிகம்.

மார்ச் 22, புதன்

குட்டை 38. தொட்டி 0.

மார்ச் 27, திங்கள்

காலையில் கரைக்குப் போனதும் அப்படியே நின்றுவிட்டேன். குட்டையின் நிறம் மாறியிருக்கிறது. காற்று ஒதுக்குகிற மேற்குக் கரை ஓரமெல்லாம் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் நீலமும் பச்சையும் கலந்த ஒரு ஏடு. கல்லில் காய்ந்து ஒட்டிய இடத்தில் மயில்கழுத்து நீலம்.

ஆலகால விஷத்தை உண்ட நேரம்தான் பிரதோஷம். அதைத் தாங்கிய கழுத்தின் நிறம் இது. இரண்டே பிரதோஷத்தில் சாமி தன் நிறத்தைக் காட்டிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனம் நிறைந்துபோயிற்று. கீழே சிமென்ட் தொட்டி வெறும் சிமென்ட் நிறத்தில் கிடக்கிறது.

மாலையில் இறங்கிக் காலை நனைத்துக் கும்பிட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

இரண்டு காலிலும் அரிப்பு, தடிப்பு. கண்ணேறு. யார் கண் என்று எழுத வேண்டியதில்லை. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை.

மார்ச் 29, புதன்

செவந்தி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்றாள். என் குட்டைக் கரையில்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தண்ணி ஆகாதுங்க."

"என்ன ஆகாது?"

"எங்கூரு ஏரில ஒரு வருசம் இப்படி ஏடு கட்டுச்சுங். மூணு எரும குடிச்சுது. பொழுது உழுகறதுக்குள்ள மூணும் காலை உதைச்சுக்கிட்டுப் போயிருச்சுங். அப்புறமேட்டு ஊர்ல யாருமே ஆட்ட உடலீங்க. வடிச்சுட்டு நல்ல தண்ணி உடுங்க்கா. நானும் வந்து தேய்க்கறேன். ரெண்டு பேரு தேய்ச்சா ஒரு நாள் வேலதான்."

வயலில் போடுவதற்கென்றே நீலப்பச்சைப் பாசியை வேளாண்மை ஆபீசில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். என் அண்ணன் நெல்லுக்குப் போட்டிருக்கிறான். நானே அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்திருக்கிறேன். நெல்லுக்குச் சத்தாக இருப்பது மானுக்கு எப்படி விஷமாகும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதைச் சொல்லி அனுப்பினேன்.

வேறு ஒன்றும் சொன்னேன். அதை எழுதவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

சோமவாரப் பிரதோஷம். பால் 5. தயிர் 2. வெல்லம் 8. மாவு 2 படி. மான் 29. குறைந்திருக்கிறது. கரைக்கு வந்து முகர்ந்துவிட்டுச் சில திரும்பிப் போகின்றன. போக வேறு இடமில்லாமல் மறுபடி வருகின்றன.

ஏப்ரல் 5, புதன்

அத்திமரத்தடியில் மைனா இரண்டு செத்துக் கிடந்தன. மந்தி ஒன்று. வெயில்.

ஏப்ரல் 6, வியாழன்

கீழே, தொட்டியைச் சுற்றி மான் நாலு. சரிவில் இன்னொன்று. மந்தி இரண்டு. எல்லாம் இறந்துவிட்டன. வடிவு அதில் இல்லை. ஒவ்வொன்றின் காதையும் பார்த்தேன்.

ரேஞ்சர் ஐயா வந்தார். கால்நடை மருத்துவர் யூனுஸ் வந்தார். ஒரு மானை அங்கேயே அறுத்துப் பார்த்தார்கள். நான் முற்றத்தில் நின்றேன். கல்லீரல் கறுத்து வீங்கியிருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

தொட்டியில் செவந்தி குடத்தில் ஊற்றிய தண்ணீர் ஒரு சாண் கிடந்தது. செவந்தி வீட்டுக் கூரையில் கத்தரிச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து பாட்டில் செருகியிருந்தது. பாதி காலி. ரேஞ்சர் ஐயா பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மாதேஷைப் பார்த்தார்.

"இது என்னடா?"

"கத்தரிக்குங்க ஐயா."

"தொட்டிக்குத் தூக்கற குடமும் கத்தரிக்குக் கலக்கற குடமும் ஒண்ணா?"

"இல்லீங்க ஐயா. அது தனிங்க."

செவந்தி, "வேணும்னா இந்தத் தண்ணிய நானே குடிக்கறேனுங்" என்று தொட்டியில் கையை விட்டாள். டாக்டர் தடுத்துவிட்டார்.

பிறகு டாக்டர் என்னிடம் வந்து குட்டைத் தண்ணீரும் ஒரு பாட்டில் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து, "அது என்ற சம்சாரம் பாத்துக்கறதுங்க. பதினோரு வருசத்துல ஒரு குறை கிடையாது" என்றார். டாக்டருக்கு ஐந்து மணிக்குள் ஆய்வகத்துக்குப் போகவேண்டிய அவசரம். பாட்டிலை என்னிடம் கொடுத்து அனுப்பினார். மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய், குட்டையில் தண்ணீர் விழுகிற குழாய் வாயில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதுவும் குட்டைத் தண்ணீர்தான்.

ஏப்ரல் 7, வெள்ளி

தொட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. அடியிலிருந்த தண்ணீரையும் எடுத்துவிட்டார்கள். மாதேஷை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 17ஆம் தேதி திங்கட்கிழமை விசாரணை. காட்டு உயிருக்கு விஷம் வைத்ததாக வழக்குப் போட்டால் ஜாமீன்கூடக் கிடைக்காதாம். அவன் தினக்கூலிக்காரன். பின்னால் நின்று பேச ஆளில்லை. இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு செவந்தியின் ஊருக்குப் போனார்கள்.

போகும்போது வேலியோரம் நின்று, "அக்கா, மானு வந்தாக் கொஞ்சம் பாத்துக்கங்" என்றாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 8, சனி

காலை ஆறு மணி. வடிவு வந்தாள். தொட்டியில் ஒரு சொட்டும் இல்லை. கீழே யாரும் இல்லை. என் குட்டையில்தான் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேற்குக் கரையில், ஏடு கட்டிய இடத்தில், மூக்கால் விலக்கிவிட்டுக் குடித்தாள். "இங்கதாண்டி வந்தாகணும் நீ" என்று சத்தமாகவே சொன்னேன்.

ஆறே முக்காலுக்கு முன்னங்கால் மடிந்தது. அத்திமரம்வரை வந்தாள். வாயில் நுரை. படுத்தபடியே ஓடுவதுபோல் நாலு காலும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவளை முதல்முதலாகத் தொட்டேன். வயிற்றில் குட்டி அசைவது என் முழங்கையில் பட்டது. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அவள் அடங்கினாள். குட்டி இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது.

குட்டை: மான் 1.

ஏப்ரல் 9, ஞாயிறு

நேற்று வடிவைப் பார்த்ததும் அவர் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினார். சாயங்காலம் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"டாக்டரு போன் பண்ணாரு. வயித்துல பூச்சிமருந்து வாசமே இல்லியாம். பாசிலயே ஒரு வகை விசம் இருக்குதாம். தண்ணி ஓடாம நின்னு, அதுல சத்தான சாமானெல்லாம் சேந்துச்சுன்னா, வெயிலுக்குப் பொங்கிட்டு வருமாம். நீலமா ஏடு கட்டுமாம். அப்படி எங்காச்சும் இருக்குதான்னு கேக்கறாரு."

"வயலுக்குப் போடறாங்களே அது?"

"நானும் கேட்டேன். அந்த வம்சத்துலயே நல்லதும் இருக்குதாம், கொல்றதும் இருக்குதாமா. கண்ணால பாத்துப் பிரிக்க முடியாதாம். நிறம் மாறுச்சுன்னா ஒதுங்கிரணும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லீன்னு சொன்னேன்."



ஏப்ரல் 10, திங்கள்

குட்டையைச் சுற்றி வேலமுள் வெட்டி அடைத்தேன். 22 கட்டு. கையெல்லாம் கீறல். மான்கள் வந்து முள்ளுக்கு வெளியே நின்றன. அடிபம்பிலிருந்து பெரிய அண்டா மூன்றில் தண்ணீர் தூக்கி வைத்தேன். 26 குடம். அவள் தினமும் இப்படித்தான் தூக்கினாள். அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

அண்டா: மான் 17, மந்தி 4. இறப்பு இல்லை.

ஏப்ரல் 12, புதன்

இந்த நோட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பிப்ரவரி பத்திலிருந்து படித்தார். மார்ச் பதினாலில் நிறுத்தினார். பச்சைப் பாவாடை என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். மீதியையும் படித்து முடித்துவிட்டு மூடினார்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீசு இருக்குது."

"தெரியும்."

"நானே இல்லீன்னு சொல்லிட்டேன். இப்ப இது வெளிய வந்தா என்னயும் சேத்துத்தான் நிறுத்துவாங்க. மாதேசு சின்னவன். எங்கயாச்சும் போய்ப் பொழச்சுக்குவான்."

"ஜெயிலுக்குப் போனா எப்படிங்க பொழைக்கிறது?"

அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையில் முள் கீறின இடத்தைத் தடவினார்.

"அம்மிணி. அந்த நோட்ட அடுப்புல போட்டுரு. குழாய்ல இருக்கற துணிய நான் புடுங்கி உட்டுர்றேன். மோட்டாரப் போட்டா ஏடெல்லாம் வழிஞ்சு போயிரும். எல்லாம் முடிஞ்சுது."

பத்தொன்பது வருடம் கழித்து அந்தச் சொல். அவர் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். பால் பொங்கி வழிந்தது. அணைக்கவில்லை. இந்தச் சொல் இன்னொருத்திக்குப் போனதுதானே எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது என்னிடமே திரும்பி வந்துவிட்டது. வைத்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

குட்டி அசைந்தது நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 13, வியாழன்

காலையில் அவர் கடப்பாரையோடு குழாய்ப் பக்கம் போனார். நான் போய் வழியில் நின்றுகொண்டேன். டாக்டருக்கு நானே போன் செய்து கேட்டுவிட்டதாகச் சொன்னேன். துணியை எடுத்தால் இத்தனை விஷமும் சரிவில் இறங்கிப் பள்ளத்து ஓடையில் கலக்கும். அந்தக் காய்ந்த ஓடையில் மணலைத் தோண்டித்தான் இப்போது யானை குடிக்கிறது.

"டாக்டருகிட்டச் சொல்லிட்டியா?"

"யாரு குட்டைன்னு சொல்லல. அத ரேஞ்சரய்யாவுக்குத்தான் எழுதணும். அதான் முறை."

கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு நடந்து போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. ரசம் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் நாள். கனி பார்க்கவில்லை. கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியாக எழுதியதன் நகல் இது. பால்காரர் சண்முகம் ரேஞ்ச் ஆபீஸ் வழியாகத்தான் போவார். அவரிடம் நோட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்பப் போகிறேன். பிரதோஷ வேண்டுதலை நிறுத்திக்கொண்டேன். சாமியிடம் கேட்கவேண்டியது வேறு இருக்கிறது. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பிற்குரிய ரேஞ்சர் ஐயா அவர்களுக்கு,

வனக்காப்பாளர் சென்னியப்பன் மனைவி தெய்வானை எழுதுவது.

மான்கள் இறந்தது தொட்டித் தண்ணீரால் அல்ல. என் குட்டைத் தண்ணீரால். இங்கே குடித்துவிட்டுக் கீழே இறங்கினவைதான் தொட்டியருகே போய் விழுந்திருக்கின்றன. இத்துடன் உள்ள நோட்டில் எந்தத் தேதியில் எவ்வளவு பால், தயிர், வெல்லம், மாவு கலந்தேன் என்று இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் ஊற்றினேன். அதற்கு அளவு எழுதவில்லை, மன்னிக்கவும். எல்லாப் பக்கத்திலும் எண் போட்டிருக்கிறேன். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை.

வழிவுக் குழாயை அடைத்தது நான். பச்சைப் பாவாடை, என்னுடையது. செவந்தியின் தொட்டிக்குத் தண்ணீர் போகக்கூடாது என்று மார்ச் 14 காலையில் சுருட்டி அடைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்தால் விஷம் கீழே போகும் என்பதால் எடுக்கவில்லை. நீங்களும் டாக்டரும் வந்து பார்த்து, என்ன செய்வதென்று சொல்லும்வரை யாரையும் தொடவிட மாட்டேன்.

டாக்டருக்கு நான் கொடுத்த பாட்டிலில் இருந்தது குழாய் வாயில் பிடித்த நல்ல தண்ணீர். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த முறை மேற்குக் கரையில் டாக்டரே எடுக்கட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் குழாய் விஷயம் 12ஆம் தேதிதான் தெரியும்.

மார்ச் 29 அன்று செவந்தி வந்து இந்தத் தண்ணீர் ஆகாது என்று சொன்னாள். கூட வந்து தேய்ப்பதாகவும் சொன்னாள். நான் அவளுக்குச் சொன்ன பதிலில் ஒரு பகுதி நோட்டில் இல்லை. "நீ கால் வெச்சதுலருந்துதான் இந்த எடம் நாறுது" என்று சொன்னேன். அதையும் இதில் சேர்த்துக்கொள்ளவும்.

பதினோரு வருடம் குட்டையைப் பார்த்துக்கொண்டேன். திறப்பு அன்றைக்கு நீங்கள் அவளைக் கூப்பிட்டீர்கள். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்தேன், இல்லை.

மோட்டார் சுவிட்சைக் கீழ் வீட்டுக்கு மாற்ற ஆள் அனுப்பவும். குட்டை கழுவும் நாளில் நானும் வந்து தேய்க்கிறேன், அவள் சம்மதித்தால்.

விசாரணை 17ஆம் தேதி திங்கட்கிழமை. அதற்குள் மாதேஷ் மேலுள்ள புகாரை எடுத்துவிட்டீர்களா, அவர்கள் இருவரும் எப்போது திரும்பி வரலாம் என்று எனக்குத் தெரியவேண்டும். சண்முகம் நாளைக் காலை ஏழரை மணிக்குத் திரும்பி வருவார். அவரிடமே பதில் கொடுத்தனுப்பவும்.